ஒற்றைக் கொம்புப் பேய்

சில்லறை என்பவரின் மனைவிக்குப் பாம்புச்செவி. அதனால்தான் அவருடைய வருத்தம் அத்தனை ஆழமாக இருந்தது. காது மந்தமான பெண்ணைக் கட்டியிருந்தால் தலையெழுத்து என்று விட்டிருப்பார்.

அவள் விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வாங்கி வெளுத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொடுப்பவள். மொட்டை மாடி முழுக்கக் கொடிகள். கொடி முழுக்க வெள்ளை விரிப்புகள். கீழே அவள் இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருப்பாள். பக்கத்துத் தெருவில் முதல் தூறல் விழும்போதே பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் படியேறிவிடுவாள். அவள் கடைசி விரிப்பை உருவியெடுத்த பிறகுதான் தங்கள் வீட்டுத் தரையில் முதல் துளி விழும் என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். பலபேர் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்துத் துணி எடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

இப்பேர்ப்பட்ட காதில், கல்யாணம் ஆன நாளிலிருந்து, புருஷன் வாசித்த சத்தம் ஒன்றுகூட விழுந்ததில்லை.

அவர் வாசித்தது சினிமாவுக்கு. படங்களுக்குப் பின்னணி இசை பதிவாகும் கூடத்தில் வயலின்காரர்கள் ஒரு கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஊதுகிறவர்கள் ஒரு கூட்டம். பெரிய முரசுக்காரர்கள் ஒரு கூட்டம். நோட்டெல்லாம் அவர்களுக்குப் போய்விடும். மீந்து விழும் சின்னச் சத்தங்கள் இவருக்கு. ஒரு மணி, ஒரு முக்கோணக் கம்பி, கொஞ்சம் சலங்கை, இடிக்கு ஒரு தகரம், குதிரைக்கு இரண்டு சிரட்டை. நோட்டு போக மிச்சம் சில்லறைதானே என்று எவரோ ஒரு வயலின்காரர் சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார் என்ற நிலைமை வந்துவிட்டது.

அதற்கு முன்பு பாத்திரக் கடையில் இருந்தார். குடத்தில் கீறல் இருக்கிறதா என்று சுண்டிப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. ஒரு நாள் ஒருவர் வந்து, சமைக்காத, சாப்பிடாத, வெறுமனே அழக்கூடிய ஒரு தட்டு வேண்டும் என்று கேட்டார். கடை முதலாளி அந்த ஆளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இவரோ உள்ளே போய் ஏழெட்டுத் தட்டுகளைச் சுண்டிவிட்டு, அழுகிற தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். வந்தவர் இசையமைப்பாளர். தட்டு வாங்க வந்தவர் ஆளையும் சேர்த்து அழைத்துக்கொண்டு போனார். அவரைத்தான் கூடத்தில் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள்.

வெளியார் நினைப்பதுபோல இது சத்தம் போடுகிற தொழில் அல்ல. நாள் முழுக்கச் சும்மா இருக்கிற தொழில். வயலின்கள் கதறும், முரசுகள் இடிக்கும், சில்லறை கையில் குச்சியோடு தவத்தில் நிற்பார். யுத்தம் முடிந்து, நாயகி கண்ணைத் திறக்கும் இடத்தில் ஒரே ஒரு 'டிங்'. பிறகு மறுபடி தவம். அந்த டிங்கைத்தான் மனைவிக்குக் காட்ட அவர் இத்தனை வருஷமாகப் படாத பாடு பட்டார்.

காட்டும் முறையில்தான் கோளாறு. படம் ஓடிக்கொண்டிருக்கும். இவர் இடம் நெருங்க நெருங்க இவருக்கு மூச்சு முட்டும். சரியான நேரத்தில் முழங்கையால் அவளை இடிப்பார்.

"என்னங்க?" என்பாள் அவள்.

அந்த 'என்னங்க'வுக்கு அடியில் டிங் நசுங்கிப் போய்விடும்.

"இப்ப வந்துச்சே, கேட்டியா?"

"என்ன வந்துச்சு?"

"நான்தான்!"

"நீங்கதான் பக்கத்துலயே உக்காந்திருக்கீங்களே."

அவள் கேலி செய்யவில்லை. அது இன்னும் மோசம். கேலி செய்வதற்கென்றே அவள் தம்பி இருந்தான். தையல்காரன். வாயில் ஊசி இருக்கும்போதும் பேசுவான், இல்லாதபோது குத்துவான்.

"அக்கா, மாமா வாசிக்கிறதா சொல்றாரே, நிஜமா அங்க போறாரா? இல்ல எங்கயாவது பார்க்குல படுத்து எழுந்து வர்றாரான்னு விசாரிச்சியா?"

"போடா. நீ தெச்ச சட்டையில மட்டும் கை எங்க இருக்குன்னு தெரியுதா?" என்பாள் அவள். புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டாள். ஆனால் நம்பிக்கைக்குச் சாட்சி கிடையாது. நம்பிக்கை வேறு, கேட்பது வேறு. சில்லறைக்கு அவள் நம்பிக்கை வேண்டாம்; அது கல்யாணத்தன்றே கிடைத்துவிட்டது. ஒரே ஒரு தடவை அவள் காதில் விழ வேண்டும். அவ்வளவுதான். செத்த பிறகு சொர்க்கம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் அது வேண்டும் என்கிற அளவுக்கு அந்த ஆசை வளர்ந்திருந்தது.

இந்த நிலைமையில்தான் பேய்ப்படம் வந்தது.

வெறும் பேய்ப்படம் இல்லை. சரித்திரப் பேய்ப்படம், அதிலும் சண்டைப்படம். அந்தக் காலத்து ராஜா ஒருவர். எதிரி கோட்டையை வளைத்துக்கொண்டு கிணறுகளை மூடிவிடுகிறான். ராஜாவின் படை வாளால் சாகாமல் தாகத்தால் சாகிறது. பின்பு வறண்ட மண்ணுக்குள்ளிருந்து படை மொத்தமும் எழுந்து வந்து, விட்ட சண்டையை விட்ட இடத்தில் தொடங்குகிறது. உயிரோடு இருப்பவர்கள் வெட்டுகிறார்கள். செத்தவர்கள் எப்படி மறுபடி சாவார்கள் என்ற கேள்வியை யாரும் கேட்காதபடி டைரக்டர் அடுத்தடுத்து வெட்டுகளாக வைத்திருந்தார்.

மாஸ்டரின் வழக்கம் இது: மற்றவர்களுக்கெல்லாம் ஸ்வரம் எழுதிய தாள். சில்லறைக்கு மட்டும் வார்த்தைகள். எந்தச் சத்தத்துக்கு என்ன ஸ்வரம் எழுதுவது? ஆகவே 'அடி', 'தேய்', 'குலுக்கு', 'நிறுத்து' என்று ஏவலாகவே இருக்கும் அவருடைய தாள். வீட்டுக்கு ஒரு மனைவி, வேலைக்கு ஒரு தாள் என்று அவர் சொல்லிக்கொள்வார். தாளை எழுதுகிறவன் மாஸ்டரின் உதவியாளன். கழுத்து நீளம் காரணமாகக் கொக்கு. கொக்கு எழுதினால் கோழி கிண்டியது போலிருக்கும்.

இந்தப் படத்துக்கென்று சில்லறை புதிதாக ஒன்று செய்திருந்தார். மைத்துனன் கடையில் துணி தீர்ந்து கிடந்த நீளமான அட்டைக் குழாய் ஒன்றை எடுத்து, சுற்றிச் சுற்றி ஆணிகளை உள்ளே இறக்கி, வீட்டுப் பயறில் ஒரு படியைப் போட்டு இரண்டு முனையையும் அடைத்தார். சாய்த்தால் பயறு ஆணிக்கு ஆணி தடுக்கி விழுந்துகொண்டே போகும். மழைக்குழல். கடையிலிருந்து நேராகக் கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். வீட்டில் பயறு மட்டும் காணாமல் போனது.

"பயறு எங்கங்க?"

"மழைக்குள்ள இருக்கு."

"ஊறிடப் போகுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பதிவு நாள். கூடத்தில் விளக்கைக் குறைத்து, திரையில் படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டார்கள். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் அம்மா. அவளைக் கண்ணாடியம்மா என்பார்கள். அவளுக்குப் பின்னால் இருட்டில் டைரக்டர். இந்தப் பக்கம் மாஸ்டர் கையைத் தூக்கினார்.

யுத்தம் தொடங்கியது. திரையில் வாயசைத்துக் கத்துகிற வீரர்களுக்கு வயலின்கள் குரல் கொடுத்தன. முரசு அடிக்க அடிக்கத் தரை அதிர்ந்தது. சில்லறை சிரட்டையால் ஒரு குதிரைப்படையை ஓட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு, தகரத்தை உலுக்கி இடித்துவிட்டு, தாளைப் பார்த்தார். திரையில் புழுதி அடங்கியது. மாஸ்டரின் கை மெல்லக் கீழே இறங்கியது. எல்லா வாத்தியமும் நின்றது. வறண்ட நிலத்தில் ஒரு விரல் முளைத்தது. பின்பு ஒரு கை. ராஜா எழுந்துகொண்டிருந்தார். இந்த இடம் முழுக்கச் சில்லறைக்கு மட்டும். தாளில் ஒரே ஒரு சொல்.

'பெய்.'

அடி, தேய், நிறுத்து, பெய். எல்லாம் ஏவல். தாகத்தில் செத்த படை, மேலே வறண்ட வானம், கீழே வெடித்த மண். சில்லறைக்குச் சந்தேகமே வரவில்லை. குழலை எடுத்துச் சாய்த்தார்.

பயறு இறங்கத் தொடங்கியது. முதலில் ஒன்றிரண்டு. கூரையில் விழலாமா என்று யோசிக்கிற துளிகள். பிறகு தூறல். பிறகு தூரத்திலிருந்து ஒரு திரை இழுபட்டு வருவதுபோல மழை கூடத்துக்குள் வந்தது. அவர் குழலைச் சாய்த்த கோணத்தில் அது நெருங்கியது, விலகியது, ஓட்டில் விழுந்தது, இலையில் விழுந்தது. திரையில் ராஜா மண்ணுக்கு மேல் முகத்தைக் கொண்டுவந்து வாயைத் திறந்தார். அலறத்தான் திறந்தார், ஆனால் பார்த்தவர்களுக்கு, துளிக்கு ஏந்தியதுபோல் இருந்தது. வயலின்காரர் ஒருவர் தன் வாத்தியத்தைச் சட்டையோடு அணைத்து மூடிக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தார். தன் உடம்புக்குள்ளேயே மழை பெய்வதுபோலச் சில்லறை நின்றார். கை எது, குழல் எது என்று தெரியவில்லை.

கடைசிப் பயறு விழுந்தது.

"யாருய்யா அது?" என்றார் மாஸ்டர். "யார் மழை பேஞ்சது?"

"நான்தான் மாஸ்டர்."

"உன்ன யார் பெய்யச் சொன்னா?"

"தாள்ல எழுதியிருக்கே."

"தாள்ல பேய்னு எழுதியிருக்கு! பேய்! தட்டைத் தேய்க்கணும், கேக்கிறவன் எலும்பு கூசணும்!"

சில்லறை தாளை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். "ஒத்தைக் கொம்புதான் இருக்கு மாஸ்டர்."

"பேய்க்கு எத்தனை கொம்பு இருந்தா உனக்கு என்னய்யா!"

முரசுக்காரர்கள் சிரிப்பை அடக்க முரசுக்குப் பின்னால் குனிந்தார்கள். கொக்கின் கழுத்து ஒரு சாண் குறைந்தது. "அவசரத்துல மேல சுழிக்காம விட்டுட்டேன் மாஸ்டர்," என்றான்.

"நீ சுழிக்காம விட்ட, அவன் நனைச்சுட்டான். மறுபடி வாசிங்க!"

இரண்டாம் தடவை சில்லறை அதே அழுகிற தட்டை எடுத்து வயலின் வில்லால் விளிம்பைத் தேய்த்தார். எலும்பு கூசியது. பல் கூசியது. ஒரு வயலின்காரர் எழுந்தே போய்விட்டார். "இது பேய்!" என்றார் மாஸ்டர், குழந்தை பிறந்த வீட்டுக்காரர் மாதிரி முகம் மலர்ந்து. கண்ணாடிக்கு அப்பாலிருந்து டைரக்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூங்குகிறாரோ என்று நினைத்தார்கள்.

எல்லோரும் போன பிறகு சில்லறை கண்ணாடியம்மாவின் அறை வாசலில் போய் நின்றார்.

"அந்த மழைய அழிச்சுட்டீங்களாம்மா?"

"மனசு வரல. ரெண்டையும் வெச்சிருக்கேன்."

"படத்துல எது வரும்?"

"அதை டைரக்டரு சொல்லணும். அவரு படம் வந்தப்புறம்தான் எதையும் சொல்லுவாரு." அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு எது வரணும்?"

சில்லறையின் எண்ணம் ஒரே இடத்தில் நின்றிருந்தது. இத்தனை வருஷத்தில் சுற்றிலும் எந்த வாத்தியமும் இல்லாமல் அவர் மட்டும் ஒலித்த இடம் அது ஒன்றுதான். அதுவும் மழை. பேயைத் தேய்த்தால் அவள் காதைப் பொத்திக்கொள்வாள். இடி என்றும் பேய் என்றும் அவளுக்குப் பயம் கிடையாது, ஆனால் கூச்சல் பிடிக்காது. மழை வந்தால்? அவள் தவறவிட முடியாத சத்தம் இந்த உலகத்தில் அது ஒன்றுதானே.

படம் வரும்வரை அவர் நடமாட்டம் பாதி இங்கே, பாதி வேறெங்கோ என்று இருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் மாடிக்குப் போவார். காற்றில் விரிப்புகள் ஊதிப் பெருத்து, கொடி கொடியாக முன்னேறிப் பின்வாங்கிக்கொண்டிருக்கும். கையில்லாத, காலில்லாத ஒரு வெள்ளைப் படை. அதன் நடுவில் அவர் நடப்பார். ஈரத்துணி முகத்தில் தடவிப் போகும். தாகத்தில் செத்தவர்களெல்லாம் இங்கே வந்து தொங்கிக்கொண்டு, ஈரத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பதுபோல் அவருக்குத் தோன்றும். என்ன விசித்திரம், அந்தப் படைக்கு மழை வேண்டும். இந்தப் படைக்கு மழை ஆகாது.

"அங்க என்ன பண்றீங்க?" என்று கீழிருந்து குரல் வரும்.

"சும்மாதான்."

"சும்மா நிக்கிற கையில காஞ்சத எடுத்துட்டு வரலாமில்ல?"

வெள்ளைப் படையின் ராஜா விரிப்புகளை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவார்.

படம் வந்தது. பகல் காட்சிக்கு மூவருமாகப் போனார்கள்: சில்லறை, அவள், மைத்துனன். போவதற்கு முன் அவள் விரிப்புகளை விரித்துக் கிளிப் போட்டுவிட்டு, வானத்தை மேலும் கீழுமாகப் பரிசோதித்து, "பெய்யாது," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தாள். மைத்துனன் வழியெல்லாம் ஊசி ஏற்றிக்கொண்டே வந்தான்.

"மாமா, இந்தப் படத்துல நீங்க எங்க வர்றீங்கன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. அக்கா விலாவுல காயம் ஆறட்டும்."

"இந்தத் தடவை இடிக்க மாட்டேன் மாப்ளே."

உண்மையிலேயே அதுதான் அவர் முடிவு. வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், இடிக்கக் கூடாது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

திரையில் கிணறுகளை மூடினார்கள். படை செத்தது. அவள் கண் மெல்லச் சொக்கியது. துணி அடித்துத் துவைக்கிறவளுக்கு மற்றவர்கள் அடித்துக்கொள்வது தாலாட்டு. வாள் முழக்கத்தின் நடுவே அவள் தலை சில்லறையின் தோளில் சாய்ந்தது. ஐயோ, இந்த நேரத்திலா என்று நினைத்தார். எழுப்பலாம். எழுப்பினால் 'என்னங்க' வரும். கை தொடைக்கு அடியில் மரத்துப்போயிருந்தது. புழுதி அடங்கியது. எல்லாச் சத்தமும் நின்றது. மண்ணில் விரல் முளைத்தது. தட்டின் கூச்சல் வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஒன்றிரண்டு துளி விழுந்தது.

தோளிலிருந்த பாரம் சட்டென்று நிமிர்ந்தது. தூறல் வலுத்தது. இருட்டில் அவள் முகத்தை ஒருபுறம் சாய்த்தாள். வீட்டில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும்போது அவள் முகம் எப்படியிருக்குமோ அப்படியே.

"மழை!" என்றாள் அவள், கொட்டகைக்கே கேட்கும்படி. "ஐயோ, என் துணி!"

எழுந்துவிட்டாள். வரிசையில் இருந்தவர்களின் கால்களையெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடினாள். "உக்காரும்மா!" என்றது ஒரு குரல். "மழை பெய்யுது, உங்க வீட்டுல துணி காயலையா?" என்று அவள் போகிற போக்கில் திருப்பிக் கேட்டாள். இரண்டு பெண்கள் அந்தக் கேள்விக்கு எழுந்தே விட்டார்கள். "அக்கா, படத்துல! படத்துல மழைக்கா!" என்று மைத்துனன் கத்தினான், படத்தில் ஒரு துளி தண்ணீர்கூட இல்லை என்பதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். சில்லறையோ உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவருக்குக் கால் இருப்பதே மறந்துபோயிருந்தது. திரையில் ராஜா வாயைத் திறந்து ஏந்திக்கொண்டிருந்தார். பயறு விழுந்து முடியும்வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

வெளியே பளீரென்று வெயில். கொட்டகைப் படியில் அவள் உள்ளங்கையை வானத்துக்கு நீட்டியபடி நின்றிருந்தாள். கைமேல் வெயில்தான் இருந்தது.

"மழை இல்லையே," என்றாள்.

"இல்ல."

"கேட்டுச்சே!"

"கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சுங்க. முதல்ல ரெண்டு துளி. அப்புறம் மேற்கேருந்து ஏறி வந்துச்சு. எனக்கா மழை தெரியாது?"

"அது நான்."

அவள் நீட்டிய கையை மடக்காமலே அவரைப் பார்த்தாள். முழங்கை இடி இல்லாமல், 'இப்ப, இப்ப' இல்லாமல் அந்த வார்த்தையை அவர் சொல்லி அவள் கேட்டதில்லை.

"நீங்களா?"

"ஒரு குழல். உள்ள ஆணி. சாய்ச்சா…"

அவள் வாயில் கையை வைத்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தார். இல்லை. "அப்போ அது என் பயறு!" என்றாள்.

பிற்பாடு அந்த மழைக்குச் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் வந்தார்கள். தாகத்தில் செத்தவனுக்கு மழைதான் பேய் என்று தான் ஆரம்பம் முதலே சொல்லிக்கொண்டிருந்ததாக டைரக்டர் பேட்டி கொடுத்தார். தன் தாளில் இருந்ததே அதுதான் என்றார் மாஸ்டர். எழுத்துப்படி பார்த்தால் அவர் சொன்னது பொய்யில்லை. கொக்கு மட்டும் மௌனமாக எழுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தான். சில்லறைக்கு அதிலெல்லாம் வருத்தம் இல்லை. அவருடைய மழை போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச்சேர்ந்துவிட்டது. மைத்துனன் இப்போதெல்லாம் அவரைப் பார்த்ததும், "மாமா, நாளைக்கு வெயிலா?" என்று மரியாதையோடு கேட்கிறான்.

குழலை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள் அவள். கொண்டுவந்தார். மடியில் கிடத்தி, சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டாள். மறுபடி சாய்த்தாள். பயறு விழ விழ வீட்டுக்குள் ஒரு மழைக்காலம் வந்து போனது. "இன்னும் கொஞ்சம் போட்டா பெருமழை வருமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பயறு டப்பாவை எடுத்துவந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெருவில் ஒன்றிரண்டு துளி. பிறகு தூறல். பிறகு மேற்கேயிருந்து திரை இழுபட்டு வரும் சத்தம். அவள் பெட்டியை நிமிர்த்தவில்லை. தெருவில் அத்தனை வீடும் அவள் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாடியில் ஆளில்லை என்பதால் ஒருவரும் துணி எடுக்கவில்லை.

"அழகா இருக்குங்க," என்றாள் அவள் உள்ளறையை நோக்கி. "இன்னும் கொஞ்சம் சாய்ங்க."

உள்ளறையில் சில்லறை வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். குழல் மூலையில் சாத்தியிருந்தது. மேலே வெள்ளைப் படை மொத்தமும் வாயைத் திறந்து நனைந்துகொண்டிருப்பது அவர் காதில் தெளிவாக விழுந்தது. சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தார். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றார்.